வளையை மூடிய வண்டு

குழந்தை பிறந்தபின் நான் ஆராய்ச்சிக்குத் திரும்பிய முதல் நாள் அது. கைக்குழந்தையைச் செலியமேட்டு வீட்டில் கணவரிடம் விட்டுவிட்டு, கழிமுகத்துச் சேற்றில் வண்டு வளைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். மனசெல்லாம் போனில்தான்.

“பாப்பா பால் குடிச்சாளா?”

“இன்னும் இல்ல, அழுவுறா. நான் பாத்துக்கிறேன், நீ வேலையப் பாருடி.”

வேலையையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அப்போது கடல்நீர் ஏறத் தொடங்கியது. அரிசியளவு கறுப்பு வண்டு ஒன்று, தன் முட்டைகள் இருந்த வளைக்குள் புகுந்து, உள்ளிருந்தே வளையின் வாயைச் சேற்றால் அடைத்தது. மேலே தண்ணீர் மூடியது. செத்திருக்குமோ? கரையேறிக் காத்திருந்தேன்; கிளம்பவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. சில மணி நேரம் கழித்து நீர் வடிந்ததும் அதே இடத்தில் சேறு அசைந்தது. வண்டு தலையை நீட்டியது. அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். பாப்பா அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையெல்லாம் பால்.

“ஸ்பூன்ல குடுத்தேன், குடிச்சிட்டா. இன்னாத்துக்கு இப்படி ஓடியாந்த?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வண்டுக்கு வேறு ஆளில்லை, அதனால் முட்டைகளோடு தண்ணீருக்கடியில் கிடந்தது. எனக்கு ஒருவர் இருந்தார். அன்றுதான் அதை நம்பினேன்.