மஞ்சள் விளக்கும் மங்கம்மாளின் சாமையும்

வெண்ணிலா அக்கா காரைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்பார். பத்து நிமிஷம் இல்லை, முக்கால் மணி நேரம். மலைமேல் புதூர்நாட்டில் பஸ் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே அவருடைய ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, ஒரு ஜாக்கி, ஒரு ஸ்கேனர், பின்பக்கம் கதவே இல்லாத ஒரு பழைய ஜீப். அவ்வளவுதான் சொத்து. ஆனால் மேஜை மேல் ஒரு நீளமான நோட்டு இருக்கும். அதில் முழுக்க முழுக்கக் கேள்விகள்.

அதற்கொரு கதை உண்டு. அக்காவுக்குச் சொந்த ஊர் ஒடுகத்தூர். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சேர்ந்தார். ஸ்பேனர் பிடிக்கப் போனவரைப் பேனா பிடிக்க வைத்தார்கள். வருகிற கஸ்டமரிடம் என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்டு எழுதுகிற வேலை. எட்டு வருஷம் எழுதினார். எழுதி எழுதி, வண்டியைப் பார்க்காமலே பாதி ரிப்பேரைச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். அப்புறம் ஒருநாள் ராஜினாமா கொடுத்துவிட்டு, கார் மெக்கானிக்கே இல்லாத இந்த மலைக்கு வந்து கடை போட்டார். எனக்கு இதை நினைத்தாலே புல்லரிக்கிறது!

மலை சுற்ற வந்த என் பைக் செயின் அறுந்து அக்கா கடையில் நின்றது. புதுச் செயின் செட் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. அதற்காகக் காத்திருந்த அன்றுதான் சடையன் அண்ணன் வந்தார்.

சடையன் அண்ணன் மலையில் வாடகைக் கார் ஓட்டுபவர். பதின்மூன்று வருஷப் பழைய டீசல் கார். காய்ச்சல், பிரசவம், பரீட்சை, எதுவானாலும் சுற்றுப்பட்டு ஐந்து ஊருக்கும் அதுதான் வண்டி. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் திருப்பத்தூர்ல வண்டிய எஃப்சி சோதனைக்குக் காட்டணும்மா. பிரேக்குல கோளாறுன்னு இந்த மஞ்ச ஏபிஎஸ் லைட்டு எரிஞ்சுனே கீது. பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்தாருன்னா திருப்பி அனுப்பிடுவாரு. அந்த பல்பைப் புடுங்கிவுட்டுடேன்."

"பல்பைப் புடுங்கினா லைட்டு அணையும். பிரேக்கு?"

அண்ணன் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். போன வாரம் நிறைமாதப் பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இறங்கும்போது, கொண்டையூசி வளைவில் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பெடல் டகடகவென்று காலையே உதறியிருக்கிறது. வண்டி நிற்க வேண்டிய இடம் தாண்டித்தான் நின்றிருக்கிறது.

"அன்னைலேர்ந்து சவாரி ஏத்தல. எஃப்சி போச்சுன்னா வித்துடலாம்னு இருக்கேன்."

அவர் கண் லேசாகக் கலங்கியதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். நோட்டைத் திறந்தார்.

"வேகமா போறப்ப உதறுதா, மெதுவா போறப்பவா?"

"நிக்கப் போற நேரத்துல."

"ஆத்துல எறக்குனீங்களா?"

"இல்ல."

"சேத்துல மாட்டுச்சா?"

"இல்லம்மா."

"கீழ டவுன்ல மெக்கானிக் யார்னா பாத்தாங்களா?"

"ரெண்டு வாட்டி சென்சார் மாத்துனாங்க. பதினைஞ்சு நாளு நல்லா இருக்கும். அப்புறம் மறுபடியும்."

கேள்வி ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போயிற்று. கடைசியில் அக்கா ஸ்கேனரை மாட்டினார். முன்பக்க வலது சக்கரத்தில் கோளாறு என்று காட்டியது. சென்சார் வயரில் மீட்டர் வைத்துப் பார்த்தார். சென்சார் நன்றாகவே இருந்தது. வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், அதுவும் சரி.

"சென்சார் மேல தப்பில்லண்ணா. பாவம், ரெண்டு நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுருக்காங்க."

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, ஸ்கேனரை அண்ணன் கையில் கொடுத்தார். ஒவ்வொரு சக்கரத்தின் வேகமும் அதில் எண்ணாக ஓடும். அக்கா சக்கரத்தைக் கையால் சுழற்ற, அண்ணன் ஏலம் விடுகிற மாதிரி சத்தமாகப் படித்தார். இடது சக்கரத்துக்கு, "எட்டு, ஏழு, எட்டு, ஏழு!" வலது சக்கரத்துக்கு, "எட்டு, ஏழு, சைபர்! எட்டு, ஏழு, சைபர்! இன்னாம்மா இது, சுத்தினே கீது, சைபர்ன்றான்?"

எனக்கு அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் போலிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் பல் பல்லாக ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அந்தப் பற்களை எண்ணித்தான் சென்சார் வேகம் சொல்கிறது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் எண்ணிக்கை விழவில்லை என்றால், அங்கே பல்லுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. பல் தெரியாதபோது, சக்கரம் பூட்டிக்கொண்டது என்று காரின் மூளை நினைத்துக்கொள்கிறது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. பெடல் உதறுகிறது.

அக்கா சக்கரத்தைக் கழற்றி, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தார். வளையத்தில் கால்வாசிக்குச் செம்மண் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியபோது மண்ணோடு நார் நாராக, வைக்கோல் மாதிரி காய்ந்த பயிர்த் தாள் வந்தது.

"தாள் எப்படிண்ணா உள்ள வந்துச்சு?"

"ரோட்டுல பறந்துனு கீதும்மா. ஒட்டியிருக்கும்."

ஒரு மணி நேரம் சுரண்டி, பிரஷ் போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தார். சென்சார் மாற்றியபோதெல்லாம் மேலோட்டமாகத் துடைத்திருப்பார்கள், அதனால்தான் பதினைந்து நாள் தாங்கியிருக்கிறது. சக்கரத்தை மாட்டிச் சுழற்றினால், "எட்டு, ஏழு, எட்டு, ஏழு!" விளக்கு அணைந்தது. அண்ணன் டேஷ்போர்டைத் தொட்டுக் கும்பிட்டார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடலாம்" என்று அக்கா முன்சீட்டில் ஏறினார். நான் கேட்காமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

இரண்டாவது வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டை அடைத்து அறுத்த சாமை பரப்பியிருந்தது. தை மாதம் மலையில் தார் ரோடுதான் களம். போகிற வண்டிச் சக்கரம்தான் தாளிலிருந்து மணியைப் பிரிக்கும். அந்தச் சாமைக்குச் சொந்தக்காரரான மங்கம்மாள் ஓரத்தில் நின்று முறத்தை உயர்த்திக் கை காட்டினார். அண்ணன் பேச்சை நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டே தாள் மேல் ஏற்றினார். ரிவர்ஸ் எடுத்தார். மறுபடி ஏற்றினார். மறுபடி ரிவர்ஸ். ஐந்தாவது தடவை அக்கா கத்தினார்.

"ண்ணா! இன்னா பண்றீங்க?"

"சாமை மெறிக்கிறேன்."

"தெனமும் மெறிப்பீங்களா?"

"சீசன்ல எல்லார்துக்கும் நான்தான். பஸ்ஸுக்காரன் ஒரு வாட்டி ஏத்திட்டுப் போய்டுவான். நம்ம வண்டி பத்து வாட்டி போவும்."

"முக்கா மணி நேரம் கேட்டேனே, இத ஏன் சொல்லல?"

"இது போய் வண்டிக்கு ஆன விஷயமா?"

அக்கா இறங்கித் தரையில் படுத்துப் பார்த்தார். வலது சக்கரத்துப் பின்னால், அச்சைச் சுற்றிப் புதுத் தாள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒன்றுமில்லை. அங்கே பிரேக் தட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு மறைத்திருந்தது. வலது பக்கத் தகட்டைக் காணோம்.

"அது கடகடன்னு சத்தம் போட்டுச்சு. கீழ அவுத்துப் போட்டுட்டாங்க" என்றார் அண்ணன், தலையைச் சொறிந்துகொண்டு.

அக்கா அங்கேயே உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், மங்கம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கும்மா சிரிக்கிற? சாமை மெறிச்சா அவ்ளோ சிரிப்பா?"

தாளை அறுத்தெடுத்து வண்டியைச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஆனால் அந்தத் தகடு வேலூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். எஃப்சியோ மறுநாள். மலையிறங்குவதற்குள் நாலு இடத்தில் களம். தகடு இல்லாமல் தாள் மேல் ஏறினால், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கும்போது அந்த மஞ்சள் விளக்கு சிரிக்கும்.

என் செயின் செட் மறுநாள் காலை பஸ்ஸில்தான் வந்தது. அதனால் அந்தக் காட்சியும் எனக்குக் கிடைத்தது. காலை ஏழு மணி. முன்னால் ஜீப், அதில் அக்காவும் நானும். பின்னால் கார், அதில் அண்ணன். முதல் களத்திலேயே மங்கம்மாள் முறத்தோடு தயார். அண்ணன் தாளுக்கு முன்னாலேயே காரை நிறுத்தியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய் சடையா, ஏறுடா! பெரிய மனுசன் ஆய்ட்டியா? என் சாமைமேல ஏற உன் வண்டிக்குக் கூசுதா?"

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். அப்படி நெளிந்து நான் யாரையும் பார்த்ததில்லை. கால் தானாகவே ஆக்சிலரேட்டரைத் தேடியிருக்கும்.

"க்கா, அவர வுடுங்க" என்று அக்கா ஜீப்பிலிருந்து குரல் கொடுத்தார். "அவரு வண்டிக்கு வயித்துல தாள் சிக்கிக்குது. இன்னைக்கு டாக்டர் கிட்ட காட்டப் போறாரு. நான் மெறிக்கிறேன்."

"உன் வண்டிக்குச் சிக்காதா?"

"இதுல சென்சாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவ்ளோ வேணா சிக்கட்டும்."

ஜீப் பன்னிரண்டு தடவை போய் வந்தது. நான் எண்ணினேன். மங்கம்மாள் தாளை உதறி ஓரமாக ஒதுக்கி, கார் போகிற அளவுக்கு வழி விட்டார். அண்ணன் மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி அந்த வழியில் மெதுவாக நகர்ந்தார். மிச்சம் மூன்று களத்திலும் இதே கூத்துதான். அடிவாரத்தில் அக்கா ஜீப்பை ஓரங்கட்டிக் கையசைத்தார். கார் திருப்பத்தூர்ப் பக்கம் பறந்தது.

திரும்பி வந்து அக்கா முதலில் நோட்டைத்தான் எடுத்தார். கேள்விகளுக்கு மேலே, பக்கத்தின் உச்சியில் எழுதினார்: "சாமை மெறிச்சீங்களா?" அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாஸும்மா! சாவி போட்டதும் லைட்டு எரிஞ்சுது, என் உசுரே போச்சு. ஒடனே அணைஞ்சிச்சு. அவரே உக்காந்து பிரேக்கு அழுத்திப் பாத்தாரு. ஒதறவே இல்ல." மூச்சு வாங்கினார். "சாயங்காலம் ஒரு சவாரி ஒத்துக்கினேன். போன வாரம் நான் எறக்கினு போன பொண்ணும் கொழந்தயும், ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு வர்றாங்க."

அக்கா கிரீஸ் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போனில் மறுபடி குரல். "ஏம்மா, மங்கம்மாளுது முடிஞ்சிச்சா? இன்னும் ரெண்டு வாட்டி ஏத்துனா நல்லாருக்கும். வர்ற வழியில நான் வேணா..."

"ண்ணா!"

"இல்லம்மா, இல்ல. சும்மா கேட்டேன்."