பாகூர் கோலுக்கு வந்த வலைக்காரன்

தையல் கடையில் தப்பாகத் தைத்த சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். கால்பந்து டீமுக்குத் தப்பாகப் பிடித்த ஆளை அப்படிப் பிரிக்க முடியாது. பாகூரில் மேரி என்று நாங்கள் சொல்லும் முனிசிபல் ஆபீசுக்கு எதிரே நான் தையல் கடை வைத்திருந்த காலத்தில், பந்து கிழிந்தால் தைக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை ஊர் டீமுக்குக் காரியதரிசி ஆக்கினார்கள். உங்களில் யாராவது ஒரு நாடக சபைக்கோ திருவிழாக் கமிட்டிக்கோ காரியதரிசியாக இருந்திருந்தால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் எங்கள் கோல் கீப்பர் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். முன்வரிசையில் ஆடிய ஒருவன் கல்யாணமாகிக் காரைக்காலுக்கே போய்விட்டான். முந்தின வருஷம்தான் வில்லியனூரிடம் நாலு கோல் வாங்கியிருந்தோம். நாங்கள் ஆடிய நிலம் மிராசுதார் வேங்கடாசலத்துடையது. "இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா கரும்பு நட்டுடுவேன்" என்று அவர் சொல்லிவிட்டார். ஏரித் தண்ணீர் பாயும் நிலம். வெறும் மிரட்டல் இல்லை. அவசரமாக இரண்டு புது ஆட்களைப் பிடித்தேன்.

கை அளவு

முதல் ஆள் வீராம்பட்டினத்துக் கலியன். கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். அலைக்குள்ளிருந்து வீசிய கயிற்றை அவன் கரையில் நின்று ஒற்றைக் கையால் பிடித்ததை ஒரு தடவை பார்த்திருந்தேன். அதை நம்பித்தான் கோலுக்கு அழைத்தேன். சட்டைக்கு அளவு கொடுக்க அவன் கடைக்கு வந்த அன்று, வண்டிக்காரர் சிங்காரமும் பொத்தான் தைக்க வந்திருந்தார். எங்கள் டீம் எங்கே ஆடினாலும் தொண்டை கட்டும் வரை கத்துகிறவர் அவர்.

கலியனை மேலும் கீழும் பார்த்தார். "பந்து பிடிச்சிருக்கியாபா?"

"இல்லண்ணே."

"பாத்தாவது இருக்கியா?"

"தூரத்துல நின்னு பாத்திருக்கேன்."

அவன் கை நீளத்துக்கு என்னிடமிருந்த துணி போதவில்லை. அதைச் சிங்காரத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. கலியன் படி இறங்கியதும் அவர் கேட்டார்: "துணி பத்தலன்னா ஒட்டுப் போட்டுடுவ டைலரு, ஆளே பத்தலன்னா இன்னாபா பண்ணுவ?"

பூட்ஸ்

இரண்டாவது ஆள் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். நாற்பது தாண்டியவர், மீசையில் நரை. பட்டாளத்தில் பந்தாடியதாகச் சொன்னார். முதல் நாள் பயிற்சியில் மற்ற பத்துப் பேரும் வெறுங்காலில் ஆட, இவர் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் ஓடவில்லை. பந்து எங்கே போனாலும் காவல் நிற்பவர் மாதிரி ஓர் இடத்திலேயே நின்றார். பார்க்க வந்தவர்கள் அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். 

கடைசியில் பந்து அவர் பக்கம் வந்தது. பந்தைப் பிடிக்க அவர் எடுத்து வைத்த முதல் அடி எங்கள் காப்டன் தணிகாசலத்தின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. நகம் பெயர்ந்துவிட்டது. அந்துவான் பதறிப்போய் "பர்தோன், பர்தோன்" என்றார். காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் என்னைப் பார்த்துச் சொன்னான்: "பிரெஞ்சுல மன்னிப்புக் கேட்டா நகம் மொளைக்குமா? இவர வில்லியனூருக்கு அனுப்பிடுங்க, அங்க ஆடினா நமக்கு ஒத்தாசையா இருக்கும்."

பிடித்ததை எங்கே போடுவது

மேட்சுக்கு நாலு நாள் முன்னால் ஊரே பார்க்க ஒரு பயிற்சி ஆட்டம். மிராசுதாரும் குடை பிடித்து வந்து நின்றார். முதல் பந்து வேகமாக வந்தது. கலியன் தாவி, நெஞ்சோடு சேர்த்து அழகாகப் பிடித்தான். சிங்காரம்கூடக் கை தட்டினார். அப்புறம் கலியன் திரும்பி, பந்தைப் பத்திரமாக எங்கள் கோலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தான்.

கை தட்டல் அப்படியே நின்றது. மிராசுதார் குடையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அன்றைக்குக் கடைக்குப் போய் ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை தைத்தேன். மனசு அங்கே இல்லை. மைதானத்தில் நான் கோபமாகக் கேட்டதற்குக் கலியன் நிஜமாகவே குழம்பிப் போய்ச் சொன்ன பதிலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது: "புடிச்சத உள்ள கொண்டாந்து போடாம வெளிய எறியணுமாண்ணே?"

கரையில்

மேட்சு நாள் காலை. முதல் நாளிலிருந்தே காற்று சரியில்லை. மீன் விற்க வந்த அம்மாள், வீராம்பட்டினத்துக் கட்டுமரங்களில் மூன்று இன்னும் கரை சேரவில்லை என்றாள். கலியனுடையதும் அதில் ஒன்று. கடையைச் சாத்திவிட்டு சைக்கிளை எடுத்தேன். "நானும் வரேன்" என்று சிங்காரம் பின்னால் ஏறிக்கொண்டார். 

கரையில் பெண்கள் கடலைப் பார்த்து நின்றார்கள். கலியன் மனைவி அஞ்சலை இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.  மத்தியானத்துக்குச் சற்று முன்னால் இரண்டு மரங்கள் தெரிந்தன, பின்னாலேயே மூன்றாவது. தடுமாறிக்கொண்டு கலியன் மணலில் கால் வைத்ததும் நான் ஓடிப்போய் அவன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். கயிறு அறுத்து வலது உள்ளங்கை பிளந்திருந்தது. "ஐயோ" என்றேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை: "நீங்க ஆளு வந்தத பாத்தீங்களா, கைய பாத்தீங்களாண்ணே?"

ஒரே ஒரு அடி

ஆட்டத்துக்கு வர வேண்டாம் என்று கலியனிடம் சொன்னேன். கஞ்சி குடித்துவிட்டு அவனாகவே கிளம்பி வந்தான். கடையிலிருந்த மல் துணியைக் கிழித்து அவன் கையில் கட்டினேன். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வில்லியனூர்க்காரன் அடித்த பந்து அந்தக் கட்டின் மேல் பட்டு உள்ளே போனது. யாரும் கலியனைத் திட்டவில்லை. என் முதுகைத்தான் எல்லோரும் பார்ப்பது போல இருந்தது. இடைவேளைக்கு அப்புறம், ஒரு மணி நேரமாக அசையாமல் நின்ற அந்துவானிடம் ஒரு பந்து தானாக வந்தது. ஒரே உதை. கோல்.

முடிகிற நேரத்தில் மிக அருகிலிருந்து ஒரு பந்து. கலியன் விழுந்து பிடித்தான். எழுந்தான். கோட்டுக்கும் அவனுக்கும் ஒரு அடி. பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பாகூரே மூச்சை நிறுத்தியது. அப்புறம் கயிறு வீசுவது மாதிரி பாதி மைதானத்துக்குப் பந்தை எறிந்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. மிராசுதார் அந்தப் பருவத்தில் கரும்பு நடவில்லை. அவர் கிளம்பும்போது சொன்னது இதுதான்: "தோத்தா நடுவேன்னுதான சொன்னேன், சமமா ஆடுவீங்கன்னு யாருக்குபா தெரியும்?"

அடுத்த வாரம்

சிங்காரம் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடி வந்தார். வில்லியனூரிலிருந்து இரண்டு பேர் வீராம்பட்டினம் போய்க் கலியனைப் பார்த்துப் பேசினார்களாம். அவர் கண் கலங்கியிருந்தது. அளவு நாடாவை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டார். "அவன் பூட்டான்னா நம்ம டீம்ல இன்னாபா இருக்குது? கெளம்பு டைலரு, இப்பவே கெளம்பு!"

புது ஆள் எப்படி ஆடுவானோ என்று ஒரு மாசமும், அவன் எங்கே போய்விடுவானோ என்று மீதி வருஷமும் பயந்ததற்கு நடுவில், ஒன்றரை மணி நேரம் பந்தாட்டமும் நடத்தினேன்.