இனிஷியல் மாறிய ஒரு சொல்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரெண்டு தடவை’ என்று பெயர். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருந்தது. எதையும் ஒரு தடவை பார்த்து அவளுக்குத் திருப்தி வந்ததில்லை. பூட்டிய வீட்டுக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவாள், பாதிப் படியில் நின்று யோசிப்பாள், மறுபடி ஏறிப்போய் இழுப்பாள். கீழே வண்டியோடு காத்திருக்கும் கணவர், “கதவு எங்கயும் ஓடிப் போயிடாது, வா” என்பார். பயந்த சுபாவக்காரர்களைக் கேலி செய்வது உலகத்துக்குச் செலவில்லாத பொழுதுபோக்கு. கேலி செய்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவதே இப்படி யாராவது எழுந்துபோய் அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதால்தான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பத்தொன்பது வருடமாக அவள் கணினிக்கு நிரல் எழுதுகிறாள். அதில் கடைசி ஆறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி வார்டின் அழைப்பு மணி. நோயாளியின் கட்டிலருகே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் நர்சுகளின் மேஜையில் உள்ள திரையில் அறை எண் வரும், கூடவே மெல்லிய ஓசை ஒன்று எழும். இது வருவதற்கு முன் வராந்தாவில் ஒரு பழைய பஸ்ஸர் இருந்தது. அடித்தால் மாடியே அதிரும். அதைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள். நிரல் ஓடும்போது பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நிரல் நிற்கும்போது பஸ்ஸர் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைச் செய்வது நிரலுக்குள் இருக்கும், ஆப்ஜெக்ட் என்ற ஒரு சிறு உறுப்பு. இந்த மாதிரி நிரல்களில் ஆப்ஜெக்டுகளை எழுதுகிறவர்களே உருவாக்குவதில்லை. அதற்கு ஃபிரேம்வொர்க் என்ற மேஸ்திரி உண்டு. யாருக்கு யார் துணை வேண்டும் என்று பார்த்து, உருவாக்கி, இணைத்து, கடைசியில் கலைப்பதும் அவரே. உருவானதும் செய்ய வேண்டியதை ஒரு துண்டாகவும், கலைவதற்கு முன் செய்ய வேண்டியதை இன்னொரு துண்டாகவும் எழுதி, ஒவ்வொன்றின் தலையிலும் அனோட்டேஷன் என்ற ஒற்றைச் சொல் குறிப்பை ஒட்டிவைத்தால் போதும். மேஸ்திரி வருவார், தலையைப் பார்ப்பார், உரிய நேரத்தில் வேலையை நடத்திவிடுவார். முதல் துண்டு பஸ்ஸரிடம், “நான் வந்துட்டேன், நீ சும்மா இரு” என்று சொல்லும். இரண்டாவது, “நான் கிளம்பறேன், இனி நீ பார்த்துக்க” என்று சொல்லும்.

மூன்று வாரத்துக்கு முன் ஃபிரேம்வொர்க்கின் புதிய பதிப்புக்கு மாறினார்கள். நிரலை நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓடவிட்டார்கள். ‘ரெண்டு தடவை’ தன் பெயருக்குக் குறை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே போய்ப் பொத்தானை அழுத்தினாள், திரையில் எண் வந்ததைப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். அன்று ஓடத் தொடங்கிய நிரல் அதன்பின் நிற்கவே இல்லை.

இன்றைக்குத்தான் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியின் கணினியில் டிஸ்க் மாற்ற வேண்டியிருந்தது. மதியம் மூன்றிலிருந்து நாலேகால் வரை. அந்த நேரத்துக்குப் பஸ்ஸர் அடிக்கும், பயப்பட வேண்டாம் என்று நர்சுகளுக்குக் கடிதம் போயிருந்தது. மூன்று மணிக்கு நிரலை நிறுத்தியவள் அவள்தான். ‘சரியாக மூடப்பட்டது’ என்று வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கத்து ஆள், டிஸ்க் மாற்றக் கணினியைத் திறந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அவள் எழுந்துபோய் டீ குடித்தாள்.

அவள் அப்பா அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பதினேழாம் எண் அறையில் இருந்தார். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. துணையில்லாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, விழுந்தால் மறுபடி எழுப்புவது கஷ்டம் என்று டாக்டர் விரல் நீட்டிச் சொல்லியிருந்தார். ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை உறவினர்களுக்கு அனுமதி இல்லை. அப்பாவின் கைபேசி வீட்டில் சார்ஜரில் கிடந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு அவள் லாகை இரண்டாவது தடவையாகத் திறந்தாள். நிரல் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிவைக்கும் ஏடு அது. மூடும்போது கடைசிக்கு முந்தின வரி எப்போதும் ஒன்றுதான்: ‘பஸ்ஸரிடம் ஒப்படைத்தாயிற்று.’ இன்று அது இல்லை. மேலே போய்ப் பார்த்தாள். கீழே வந்தாள். தேடல் பெட்டியில் ‘பஸ்ஸர்’ என்று தட்டினாள். அந்த ஏடு தொடங்கிய நாளின், மூன்று வாரத்துக்கு முந்தைய வரி ஒன்று மட்டும் கிடைத்தது: ‘பஸ்ஸர் அமைதியாக்கப்பட்டது.’

கோப்பைத் திறந்தாள். இரண்டாவது துண்டு அப்படியே இருந்தது. அதன் தலையில் அனோட்டேஷனும் இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லை. பிறகு கோப்பின் உச்சியில், அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் வரியைப் பார்த்தாள். புதிய பதிப்பில் அந்தச் சொல் வேறு தொகுப்பிலிருந்து வர வேண்டும். இது பழைய தொகுப்பிலிருந்து வந்திருந்தது. பெயர் அதேதான், இனிஷியல் வேறு.

எப்படி நடந்தது என்பதும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அது இன்னும் மோசம். பதிப்பு மாறியபோது முந்நூறு கோப்புகளை ஒரு கருவி மாற்றிக்கொடுத்தது. அந்தக் கருவி ஓடி முடிந்த பிறகு, இந்தத் துண்டை இன்னும் அழகாக எழுதலாமே என்று அவள் கையால் எழுதினாள். எடிட்டர் ஒரே பெயரை இரண்டு வரியில் காட்டியது. முதல் வரியில் என்டர் தட்டினாள். பழைய தொகுப்பு வேறு ஏதோ ஒரு நிரல் நூலகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் உள்ளேயே கிடந்ததால் யாரும் குற்றம் சொல்லவில்லை. புதிய மேஸ்திரிக்குப் பழைய இனிஷியல் தெரியாது. கண்ணில் படாதது போலக் கடந்து போய்விட்டார். சோதனை நிரலோ துண்டைப் பெயர் சொல்லி நேராகவே கூப்பிட்டுப் பார்த்து, பாஸ் என்று பச்சை காட்டியது. தொடக்கத்தை இரண்டு தடவை பார்த்தவள், முடிவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆக, மூன்று மணியிலிருந்து நிரல் இல்லை. பஸ்ஸருக்கு யாரும் சொல்லவும் இல்லை. மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு அறை. யார் எதை அழுத்தினாலும் எங்கேயும் ஒரு சத்தமும் வராது. அப்பா போர்வையை விலக்கி ஒரு காலைத் தரையில் வைப்பது அவள் கண்ணில் தெரிந்தது.

டீம் லீடர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். திரையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, அவசரப்படாதீங்க. நாலேகாலுக்கு மெஷின் வந்துடும். நாமளா போய் எதுக்குத் தலையைக் கொடுக்கணும்? கம்ப்ளெயின்ட் வந்தா பார்த்துக்கலாம்.”

“கம்ப்ளெயின்ட் பண்றதுக்குத்தாங்க அந்த பெல்லே இருக்கு,” என்றாள். அவசரத்தில் மூன்றாவது மாடியின் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் முறை போனது. மறுமுனையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழைத்தாள். மூன்று நாற்பதுக்குத்தான் எடுத்தார்கள்.

“மூணாவது மாடி, சொல்லுங்க.”

“சிஸ்டர், பெல் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து பேசறேன். மூணு மணியிலிருந்து எத்தனை பெல் வந்துச்சு?”

“ஒண்ணுமே இல்லைங்க. இன்னிக்கு என்னமோ அதிசயமா எல்லாரும் நல்லா தூங்கறாங்க. நானே இப்பதான் உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிட்டேன்.”

“யாரும் தூங்கலை, சிஸ்டர். பெல் வேலை செய்யலை. பஸ்ஸரும் அடிக்காது. என் தப்புதான். பக்கத்துல காலி ரூம் இருந்தா ஒரு தடவை அழுத்திப் பாருங்க.”

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். செருப்புச் சத்தம் போனது. அவள் காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். ஒன்றும் ஒலிக்கவில்லை. செருப்புச் சத்தம் ஓட்டமாகத் திரும்பி வந்தது.

“ஐயோ, ஆமாங்க! நான் ஒருத்திதான் இருக்கேன் இங்க. எந்த ரூம்ல இருந்து போகட்டும்?”

பதினேழு என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அவள் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தான் செய்த தப்பில் தன் அப்பாவுக்கு முதலிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

“ஒண்ணுல இருந்தே போங்க, சிஸ்டர். ஒண்ணையும் விடாதீங்க.”

கதவுகள் திறப்பது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதில் நர்ஸ் யாரையோ உரக்கக் கூப்பிட்டாள். இன்னும் இரண்டு பேர் படியேறி ஓடிவரும் சத்தம். பிறகு லைன் அறுந்துபோனது. திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. பை, குடை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடினாள்.

நாலு பத்துக்கு மூன்றாவது மாடியில் இருந்தாள். லிஃப்டுக்காக நிற்கப் பொறுக்காமல் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. “சிஸ்டர்” என்று கூப்பிட்டதுமே மேஜையிலிருந்த நர்ஸ் குரலை வைத்து அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஆறாம் நம்பர் அம்மாவுக்கு டிரிப் முடிஞ்சு குழாயில ரத்தம் ஏறி நின்னுச்சு. அரைமணி நேரமா அழுத்தி அழுத்தி விரலே சிவந்துபோச்சு அவங்களுக்கு. இப்ப பரவாயில்லை. இன்னொரு தடவை இப்படி எங்களை ஏமாத்தாதீங்க,” என்றாள். இவள் தலை குனிந்தாள். பதினேழைப் பற்றிக் கேட்கவில்லை. நடந்தாள்.

அப்பா கட்டிலில்தான் இருந்தார். விழவில்லை. விரிப்பு புதிதாக மாற்றப்பட்டிருந்தது, பழையது மூலையில் ஈரமாகச் சுருண்டு கிடந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கச் சட்டைக் காலர்கூடக் கசங்காமல் இருந்த மனிதர், மகள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

அவள் அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அனோட்டேஷன், இனிஷியல் என்று என்னென்னவோ சொன்னாள். அவருக்கு அதில் பாதி புரிந்திருக்காது. “மூணு மணியிலிருந்து பெல் அடிக்கவே இல்லைப்பா. என்னாலதான்,” என்று முடித்தாள். திட்டுவார் என்று பயந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அப்பா மெல்லத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“அடிக்கவே இல்லையா?” என்றார். “அவங்களுக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு, இந்தக் கிழவனுக்காக யாரு எழுந்து போவான்னு சும்மா இருக்காங்கன்னு நெனச்சேம்மா.”