சந்திரசேகரன் பாஸ் போட்ட தூண்டில்

ஹைதராபாத் சைனிக்புரியில் இந்த மார்ச்சில் ஒரு வதந்தி கிளம்பியது. சந்திரசேகரன் ஒரு பொருளுக்கு ‘பாஸ்’ போட்டுவிட்டாராம்.

அவரைத் தெரிந்த ஒருவரும் நம்பவில்லை. பூங்காவில் காலை நடைக்கு வரும் கோவிந்தராஜன், “வாட்டர் டேங்க் மேல சிறுத்தையைப் பாத்தேன்னு சொல்லுங்க, நம்பறேன்” என்றார். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனதில், வதந்தி சந்திரசேகரனின் மனைவி ரோகிணியிடம் போய் நின்றது. அவரோ, “ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே. வேண்டாம்னு சொல்லலைன்னுதான் சொன்னேன்” என்றார்.

அந்த வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே ரொம்ப தூரம்.

சந்திரசேகரன் பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அரக்கோணத்திலிருந்து வொர்க்‌ஷாப்புக்கு வந்த ஃபிட்டர். பிள்ளை சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை இன்ஸ்பெக்‌ஷனிலேயே இருந்தார். இரும்புத் தண்டுகளை உருட்டிப் பார்ப்பதுதான் வேலை. தலைமுடி அளவு வளைவு தெரிந்தாலும் சிவப்புப் பெயின்ட். ரிட்டயர் ஆனதும் பெயின்ட் டப்பா போயிற்று, பழக்கம் போகவில்லை. ரோகிணியின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துக்கொண்டார். புதுக் குக்கரின் மூடி, பிளம்பர் மாட்டிய குழாய், சொத்தைக் கத்தரிக்காய் எல்லாம் பொட்டு வாங்கின. அந்தக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுத்தபோது, ஏதோ பூஜையில் வைத்தது என்று நினைத்து கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பொட்டு ஒட்ட முடியாமல் போனது ஒருவருக்குத்தான். மகள் ஷர்மிளா மாதாப்பூர் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் யோகேஷைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தாள். கோயம்புத்தூர்ப் பையன். சந்திரசேகரன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். கல்யாணம் ஆயிற்று, ரிசப்ஷன் போட்டோவில் அவரும் நின்றார், மூன்று வருஷமும் ஓடிவிட்டது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பையன் வந்தால் “வாங்க” என்பார், “சாப்பிடுங்க” என்பார். அதோடு சரி.

“அப்படி என்னதான் குறை அவர்கிட்ட?” என்று ரோகிணி ஒருநாள் கேட்டார்.

“எது சொன்னாலும் சரிங்கங்கறான். எந்தப் பக்கம் தள்ளினாலும் வளையறான். கைக்கு?” ‘எதுக்கு’ என்பதை ஹைதராபாத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

யோகேஷுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வருஷா வருஷம் மே மாதம் இமாசலத்துக்குப் போய், குளிர்ந்த ஆற்றில் நின்று ட்ரவுட் மீன் பிடிப்பான். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். இந்த வருஷம் ஷர்மிளா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு லீவ் இல்லைப்பா. நீங்க அவரோட போங்க. லாஸ்ட் டைம் கேக்கறேன். இனிமே எதுக்கும் கேக்கமாட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தையில் அவருக்குக் கொஞ்சம் வேர்த்தது. இருந்தாலும் இன்ஸ்பெக்டர் அல்லவா? “தூண்டில் கோல் இல்லாம எப்படிப் போறது? நல்லதாக் கிடைக்கட்டும், பாக்கலாம்” என்றார்.

“எங்கிட்ட ரெண்டு இருக்குதுங்க மாமா” என்றான் யோகேஷ்.

“அடுத்தவங்க டூல்ஸை நான் தொடறதில்லை.”

ரோகிணிக்கு உடனே புரிந்துவிட்டது. மனிதர் தேடுவது கோல் இல்லை, சாக்கு. நல்ல கோல் கிடைக்காதவரை பயணமும் இல்லை. அவர் கையில் எது நல்லதாகக் கிடைத்திருக்கிறது?

சந்திரசேகரன் செகந்திராபாத்தில் ஒரு தூண்டில் கடைக்குத் திரும்பத் திரும்பப் போனார். கார்க் கைப்பிடியில் மாவு அடைத்து ஓட்டையை மறைத்திருக்கிறார்களா, வளையங்களைக் கட்டிய நூலின் மேல் வார்னிஷ் சமமா, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இடத்தில் ஆட்டம் உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். கடைக்காரர் கடைசியில் மூன்று கோல்களையும் அவர் கையில் திணித்து, “சாப், கர் லே ஜாவ்” என்று வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதி என்று கணக்கு.

வீட்டில் சாப்பாட்டு மேசை லேப் ஆயிற்று. கண்ணாடியின் மேல் துண்டு துண்டாக உருட்டினார். மூன்றும் நேர். பிறகு கோலை மேசை விளிம்பில் கட்டி, நுனியில் தராசுப் படிக்கல்லைத் தொங்கவிட்டார். முதல் கோல் நுனியில் மட்டும் லேசாகத் தலையசைத்தது. அதன் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். “இதுதான் சரக்கு” என்றார். இரண்டாவது பாதிவரை வளைந்தது. மூன்றாவது, விலையும் குறைவு, கைப்பிடிவரை குனிந்து தரையைக் கும்பிட்டது. அதற்குப் பொட்டு.

ஞாயிறு காலை பூங்காவுக்கு யோகேஷ் வந்தான். ரோகிணி ஆரஞ்சுப் பழங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். கொக்கி யார் கண்ணையும் குத்திவிடக்கூடாதென்று, அதற்குப் பதில் நூல் நுனியில் கம்பளித் துணுக்கு ஒன்றைக் கட்டினான் யோகேஷ்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இந்தத் தூண்டிலில் இரை என்பது, கொக்கியில் இறகைச் சுற்றிச் செய்த பொய் ஈ. அதற்குக் கனமே கிடையாது. கனம் நூலில். பின்னால் வீசும்போது அந்தக் கனத்தைக் கோல் வாங்கிக்கொள்ளவேண்டும், முன்னால் வரும்போது திருப்பித் தரவேண்டும்.

சந்திரசேகரன் விலையுயர்ந்த கோலை எடுத்து வீசினார். நூல் ஆகாயத்தில் யோசித்துவிட்டு அவர் தலைமேலேயே வந்து இறங்கியது.

“அப்படியே இருங்க” என்றார் ரோகிணி. “இடியாப்பம் நல்லா வந்திருக்கு. ஷர்மிளாவுக்கு போட்டோ அனுப்பணும்.”

“கோல் நல்ல கோல்தானுங்க மாமா. பழகின கைக்கு ஆகும். நம்ம கையவிட அது வேகமா இருக்குது” என்றான் யோகேஷ், நூலைப் பிரித்துக்கொண்டே.

இரண்டாவது கோலில் நூல் முன்னால் போனது, ஆனால் குவியலாக விழுந்தது. மூன்றாவதை அவர் தொடவில்லை.

“இதையும் பாத்துடுங்க மாமா. புடிக்கலைன்னா விட்டுறலாம்.”

வேண்டாவெறுப்பாக எடுத்துப் பின்னால் வீசினார். “இருங்க… நூல் பின்னால நீளட்டும்… இப்ப!” கோல் கைப்பிடிவரை வளைந்தது. நூலின் கனம் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்ததை முதல்முறையாக உணர்ந்தார். அடுத்த நொடி கோல் நிமிர்ந்தது. நூல் முன்னால் பாய்ந்து, புல்லின்மேல் கோடு போட்டதுபோல் படுத்தது.

மறுபடி வீசினார். மறுபடி. அவசரப்பட்டபோதெல்லாம் சிக்கல் விழுந்தது. யோகேஷ் ஒவ்வொரு தடவையும் புல்லில் குந்தி, முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுத்தான்.

சந்திரசேகரன் கோலைக் கண்ணுக்கு நேரே பிடித்து நுனிவரை பார்த்தார். உருட்டியபோது இருந்த அதே நேர். சனத்நகர்த் தண்டு வளைந்தால் வளைந்ததுதான், அதனால் சிவப்பு. ஆனால் மேசையில் இது எவ்வளவு வளைகிறது என்று பார்த்தவர், கல்லை எடுத்தபின் எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கவே இல்லை. பாதி டெஸ்ட்டில் ரிஜெக்ட் போட்டிருக்கிறார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார். புல்லில் குந்தியிருந்தவனை ஒருதரம் பார்த்தார். பிறகு நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோகிணி பார்த்தது இவ்வளவுதான். வதந்திக்கு இது போதாதா?

“அப்ப டிக்கெட் போட்டுறட்டுங்களா மாமா?”

“கொக்கியோட ஈ கட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது?”

யோகேஷ் கொஞ்சம் தயங்கி, டப்பியிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டினான். போன வருஷம் மீன் விடாமல் கடித்த ஈ. சந்திரசேகரன் அபாரமாகப் பின்னால் வீசினார். அது குல்மொஹர் மரத்தின் உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் நூல் அறுந்தது.

“என்ன விலை அது?”

“விலையெல்லாம் இல்லீங்க. நானே கட்டினது.”

“கடையில வேற வாங்கித் தந்துடறேன்.”

“நக்கோ மாமா” என்றான் யோகேஷ்.

ரோகிணியின் கையில் ஆரஞ்சு பாதி உரிப்பில் நின்றது. சரிங்க என்பதைத் தவிர வேறு அறியாத வாயிலிருந்து அந்த ஹைதராபாத் ‘வேண்டாம்’ நேராக வந்து விழுந்திருந்தது.

“கடை ஈ வேண்டாமுங்க. நீங்களே கட்டித் தாங்க. இங்க வேண்டாம், அங்க ஆத்துல நிக்கறப்ப தாங்க.”

சந்திரசேகரன் மரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கோலைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு லோயர் பெர்த்” என்றார்.

மற்ற இரண்டு கோல்களும் கடைக்குத் திரும்பின. இப்போது சாப்பாட்டு மேசையில் கொக்கி, கோழி இறகு, பட்டு நூல். தினமும் ஒரு ஈ கட்டுகிறார். காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்து, இறக்கை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிளேடால் அறுத்துவிடுகிறார்.

“மீன் இவ்வளவெல்லாம் பாக்காதுங்க” என்கிறார் ரோகிணி.

“மீன் பாக்காது. அவர் பாப்பாரே.”

வியாழக்கிழமை ரயில். பெட்டி கட்டியாகிவிட்டது, ஸ்வெட்டர் வந்துவிட்டது, மீன்துறை அனுமதிச்சீட்டுக்கும் யோகேஷ் சொல்லிவிட்டான். மாமனார் தரவேண்டிய ஈ மட்டும் இன்னும் பாக்கி.