பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி

என் மாமா டொக்டர் செபமாலைமுத்து பல வருடங்களாக ஒரு மனிதருடைய உடல்நலத்துக்காகப் பிரார்த்தித்துவந்தார். அந்த மனிதர் டொக்டர் மகாலிங்கம். தான் பழிதீர்க்குமுன் அவர் செத்துவிடக் கூடாது என்பதுதான் பிரார்த்தனை.

1930களில் இருவரும் சிலோன் றக்பி அணியில் பிற நாடுகளோடு விளையாடியவர்கள். வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரால் நிறைந்த அந்த அணியில் இவர்கள் இருவர்தான் தமிழர்கள். மாமா ஓரத்தில் ஓடுவார். மகாலிங்கத்திடம் போன பந்து மாமாவிடம் ஒருநாளும் வராதாம்.

பிறகு இருவரும் இராணுவ வைத்தியர்களாகிப் பர்மாவுக்குப் போனார்கள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரருக்கு முன்னால் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது, மாமா காயக்காரர்களை ஸ்ட்ரெச்சர்களில் தெருவோரம் கிடத்தி, மகாலிங்கத்தின் அம்புலன்ஸ் லொறியில் ஏற்றச் சொல்லிவிட்டு, மற்றவர்களைத் தூக்கிவரப் போனார். திரும்பி வந்தபோது லொறி இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஒருவருக்கும் உயிர் இல்லை. விசாரணையில் மகாலிங்கம், அங்கே காயக்காரர் எவருமே இருக்கவில்லை என்றார். அவருக்குப் பதவி உயர்ந்தது. மாமாவைப் பொய்யர் என்று எழுதினார்கள்.

கடைசியில் இருவரும் லண்டனுக்கே வந்து சேர்ந்தார்கள். மகாலிங்கம் ஸ்ட்ரெதமில், மாமா செவன் கிங்ஸில். மகாலிங்கம் வரக்கூடிய எந்தக் கலியாணத்தையும் மாமா தவறவிட்டதில்லை. நேர் எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூற்றொன்றில், நான் பொலிவியாவில் வேலை முடிந்து திரும்பி மாமா வீட்டில் தங்கியிருந்தபோது, லண்டன் தமிழ்ச் சங்கச் செயலாளர் பாலேந்திரா வந்தார். மகாலிங்கத்தைக் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"ஐயா, ஒரே றக்பி ரீம், ஒரே யுத்தம். பொன்னாடையை நீங்கள்தான் போர்த்த வேணும்."

"ஓம், வாறன்" என்றார் மாமா.

பாலேந்திரா போனதும் பெர்னடெற் மாமி குசினியிலிருந்து வந்தார். "உங்களுக்கு என்னப்பா நடந்தது?"

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. நடக்கிறது அவனுக்கு."

இல்ஃபோர்ட் மண்டபம் நிறைந்திருந்தது. மகாலிங்கம் மேடை நடுவில் எழுந்து நின்றார். மாமா தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்து, விரித்து, அப்படியே பிடித்துக்கொண்டு மைக்குக்குக் கிட்டப் போனார்.

"மகாலிங்கம், போர்த்த முதல் ஒண்டு கேக்கிறன். பர்மாவிலை உன்ரை லொறியிலை என்ன ஏத்தினனீ?"

மகாலிங்கம் சிரித்தார். "பழங்கதை விடு, செபம். சனம் பசியோடை இருக்குது."

"இருக்கட்டும். ஒருக்காலாவது பந்தைப் பாஸ் பண்ணடாப்பா."

மண்டபம் சிரித்தது. பழைய சிநேகிதர்களின் பகிடி என்று நினைத்தார்கள். "சொல்லுங்கோவன் ஐயா" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். மற்றவர்களும் கைதட்டிக் கேட்டார்கள். பொன்னாடை தோளில் விழாமல் மகாலிங்கம் உட்காரவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. எண்பது வயதுக்காரர், பின்னாலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார். பாலேந்திரா பொன்னாடையை மெல்ல வாங்கப் பார்த்தார். மாமா பிடியை விடவில்லை.

"கேணலின்ரை பெட்டியள்" என்றார் மகாலிங்கம்.

"வேறை?"

"விஸ்கி."

"காயக்காரர்?"

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ கதிரையை இழுத்தார்கள்.

"ரோட்டிலை விட்டிட்டன்."

மாமா பொன்னாடையை அவருடைய இரண்டு தோளிலும் சரிசமமாகப் போர்த்தி, சுருக்கத்தை நீவிவிட்டார். பாலேந்திரா மட்டும் பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். முன்வரிசையிலிருந்த மகாலிங்கத்தின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீடு திரும்பும்போது காரை நான் ஓட்டினேன்.

"இனியாவது அந்த மனிசனை விடுங்கோ" என்றார் மாமி.

"செத்த பெடியளின்ரை பேர் ஒண்டும் அவன் சொல்லேல்லை. அடுத்த மாசம் அவன்ரை பேத்திக்குக் கலியாணம்" என்றார் மாமா. "அங்கையும் மைக் இருக்கும்."