குரலை யார் முடிவு செய்வது

எங்கள் மென்பொருள் தமிழை வாய்விட்டுப் படிக்கும். கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரிலும் போனிலும் இருப்பதைக் காதால் கேட்டுக்கொள்ளலாம். விலை கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

பல வருஷமாக அந்த ஒருவர் டவுன்ஷிப்பில் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் குடியிருந்தவர். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவு என்ஜினீயர், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது ஏதாவது ஒன்று சரியாகியிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். விளக்கக் குறிப்புகளை எழுதுவதும் வருகிற புகார்களைப் பிரித்து அவருக்கு அனுப்புவதும் என் வேலை. மதுரையில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர், பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் ஒரு பெண் என்று தொடர்ந்து வேலை செய்தவர்கள் ஐந்து பேர்தான்.

வடக்குத்துப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவள் படித்து, வடலூரில் ஒரு பேங்கில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். எங்கள் மென்பொருளைக் கேட்டுக் கேட்டே நிரல் எழுதவும் கற்றுக்கொண்டாள். அவள் அனுப்பிய சின்னத் திருத்தங்களை அவர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்வார். ஒருமுறை, "நமக்குன்னு சில ரூல்ஸ் எழுதி வெச்சுக்கலாமா சார்?" என்று நான் கேட்டதற்கு, "ரூல்ஸ் எதுக்குங்க டீச்சர்? வேலை நடக்குதல்ல?" என்றார். நடந்துகொண்டுதான் இருந்தது.

பிரச்சினை புதுக் குரலில் ஆரம்பித்தது. பழைய குரல் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அவர் மாதக்கணக்கில் தனியாக உழைத்து ஒரு புதுக் குரலைச் செய்தார். மனுஷர் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு, கேட்கவே இனிமையாக இருந்தது. எங்கள் யாரிடமும் கேட்காமல் அதை வெளியிட்டார். பழையதை எடுத்துவிட்டார். நானும் கேட்டுவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவருக்கு எழுதினேன்.

இரண்டு நாளில் வடக்குத்துப் பெண் போன் செய்தாள். "டீச்சர், பேங்க்ல உக்காந்துகினு இருக்கேன், கஸ்டமர் எதிர்ல நின்னுகினு இருக்காங்க. பழைய குரல்னா கடகடன்னு ஓடவிட்டுக் கேட்டு முடிச்சிடுவேன். இது பாட்டு பாடிகினு இருக்குது. வேகமா வெச்சா எல்லா எழுத்தும் ஒண்ணா ஒட்டிகிது."

நமக்குக் கேட்டால் வெறும் இரைச்சலாகத் தெரிகிற வேகத்தில் அவளும் அவளைப் போன்றவர்களும் கேட்பார்கள். அவர்களுக்குக் குரலின் அழகைவிடத் தெளிவுதான் முக்கியம். இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. அதனால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் இரண்டு குரலும் இருக்கும்படி ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள். "பழைய குரல் திரும்ப வராது" என்று ஒரே வரி எழுதி என்ஜினீயர் அதைச் சேர்க்காமலே மூடிவிட்டார். பல ஊர்களிலிருந்து பயனர்கள் கெஞ்சியும் திட்டியும் எழுதினார்கள். அதற்கு அவர் எழுதிய பதில்: "இலவசமாகத் தருவது பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம்."

அந்த வரியைப் படித்த பிறகு வெளிநாட்டில் இருந்தவர் சும்மா இருக்கவில்லை. விதிகளை எழுதிக்கொண்டு வந்தார். பயனர்களைப் பாதிக்கிற எதையும் ஐந்து பேரும் பேசி, ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். எந்தத் திருத்தத்தையும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்க வேண்டும். வெளியீட்டுக்கான கடவுச்சொற்கள் ஒருவரிடமே இருக்கக் கூடாது. "நீங்க பக்கத்துலதான இருக்கீங்க, அவர்கிட்ட முதல்ல பேசிப் பாருங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் என்ஜினீயரின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். முன்பெல்லாம் சாயங்காலம் எங்கள் ரோட்டில் நடக்க வருவார், கொஞ்ச காலமாகக் காணவில்லை. காபி கொண்டுவந்தவர், டம்ளரை வைக்கும் முன் டீப்பாயின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார். நான் அதைக் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

மனைவி உள்ளே போனதும் அவரிடம் பேச்சை எடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பெல்ட் அறுந்தா ஓட்டுப் போட்டுங்களா கன்வேயரை நிறுத்தறோம்? பார்த்தவன் நிறுத்துவான்" என்றார்.

"பெல்ட் அறுந்தது அந்தப் பொண்ணுக்குத்தான தெரிஞ்சுது சார்? அவ பொறந்ததுலேருந்து காதாலயே வாழ்றவ. நாம கண்ணால பார்த்து எழுதறோம்."

உள் அறையில் எங்கள் புதுக் குரல் ஏதோ வாரப்பத்திரிகைக் கதையை மெதுவாக, ரொம்ப மெதுவாகப் படிக்க ஆரம்பித்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவளுக்கு ரெட்டினாங்க" என்றார். "ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி பார்த்தாச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும்னுட்டாங்க. பழைய குரலைத்தான் முதல்ல போட்டுக் குடுத்தேன். நாள் முழுக்க அழுதா. இனிமே எனக்கு இதுதானா துணைன்னு கேட்டா."

"இதை மத்தவங்ககிட்ட சொல்லலாமே சார், புரிஞ்சுக்குவாங்க" என்றேன்.

"அவளோட அம்மாவுக்கே இன்னும் சொல்லலைங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சரி. ஆனா ரெண்டு குரலும் இருந்துட்டுப் போகட்டுமே?"

"ரெண்டையும் யாருங்க பார்த்துக்கறது? நான் ஒருத்தன். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா நான் எதைப் பார்ப்பேன், சொல்லுங்க?"

அதற்காகத்தான் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று சொன்னேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நானும் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூட்டம் போட்டோம். வெளிநாட்டுக்காரர் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மதுரைக்காரர், "இத்தனை வருஷம் சுமந்தவரை இப்படி நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்கறது நல்லால்ல" என்று என்ஜினீயர் பக்கம் நின்றார். வடக்குத்துப் பெண் சுருக்கமாகப் பேசினாள். "சார் செஞ்ச குரல் நல்ல குரல்தாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அதான் நான் சொல்றது." இரண்டுக்கு இரண்டு என்று ஆகி, கடைசியில் என்னிடம் வந்து நின்றது. எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியாது. சொல்லாமல் அவருக்கு எதிராகக் கை தூக்குவது அநியாயம் போலவும் இருந்தது. ஆனால் அவர் மனைவிக்காக அவர் முடிவெடுத்தது போல, நாளைக்கு இன்னொருவர் இன்னொருவருக்காக முடிவெடுப்பார். அப்போது நாங்கள் எதைச் சொல்லித் தடுப்போம்? விதிகள் வேண்டும் என்று சொன்னேன். "சரிங்க" என்றார் என்ஜினீயர். திரையில் அவருடைய கட்டம் மறைந்தது.

மதியத்துக்குள் எல்லாக் கடவுச்சொற்களையும் அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார். எதை எங்கே எப்படிச் செய்வது என்று தெளிவாக எழுதியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தையாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பழைய குரல் திரும்ப வந்தது. நிறுவும்போதே எந்தக் குரல் வேண்டும் என்று கேட்கிற மாதிரி வைத்தோம். பயனர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். எங்களுக்குள்தான் எதுவும் சரியில்லை. அவர் ஒரு வரியில் முடித்ததற்கெல்லாம் நாங்கள் வாரக்கணக்கில் பேசினோம். மதுரைக்காரர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தி, ஒருநாள் சொல்லிக்கொண்டு விலகினார். டவுன்ஷிப்பில் ஸ்கூட்டரில் எதிரே வந்தால் என்ஜினீயர் என்னைக் கண்டதும் வேறு ரோட்டில் திரும்பிவிடுவார்.

ஒருநாள் அந்தப் பெண் கேட்டாள்: "டீச்சர், அவரு ஏன் அவ்ளோ பிடிவாதமா நின்னாரு? வடக்குத்துக் கான்ட்ராக்ட் ஆளு பொண்ணு சொல்லி நாம கேக்கறதான்னு நெனச்சிகினாரா?"

"அப்படி இல்லம்மா."

"அப்ப எப்படி?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி விடுங்க" என்று வைத்துவிட்டாள். அந்த "சரி விடுங்க" பல நாள் என்னை அரித்தது. நான் வாயை மூடிக்கொண்டதாலேயே அவள் சந்தேகம் உறுதியாகியிருக்கும்.

அப்புறம் போன்களுக்கு ஏதோ அப்டேட் வந்து, புதுக் குரல் பாதி போன்களில் ஊமையாகிவிட்டது. அவர் எழுதிய அந்தப் பகுதி எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. வயதான பிறகு பார்வை போனவர்கள், பழைய குரலைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள், எங்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அடுத்த பிளாக்கில் இருந்த ஒரு போன்தான் நினைவுக்கு வரும்.

ஒரு மத்தியானம் அவரிடமிருந்து திருத்தம் வந்தது. முகம் தெரியாத எவரும் அனுப்புவது போல, எல்லோருக்குமான பொதுப் பக்கம் வழியாக அனுப்பியிருந்தார். ஒரு வணக்கம்கூட இல்லை. எங்கள் விதிப்படி இரண்டு பேர் அதைப் புரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். புரிந்தவர் எங்களில் யாருமில்லை. "புரியாமல் சேர்த்தால் விதி எதற்கு?" என்றார் வெளிநாட்டுக்காரர். அவர் சொன்னதும் தப்பில்லை. அது அப்படியே கிடந்தது.

வடக்குத்துப் பெண்தான் முதலில் பேசினாள். "எழுதியிருக்கறது எனக்கும் பாதிதான் புரியுது டீச்சர். ஆனா என் போன்ல போட்டு, வேகத்தக் கொறச்சு வெச்சு, வூட்ல ரெண்டு நாளாக் கேட்டுகினு இருக்கேன். எங்கயும் நிக்கல. மெதுவாக் கேக்கறவங்களுக்கு இது நல்லாவே இருக்குது." அவளும் நானும் ஒப்புக்கொண்டோம். வெளிநாட்டுக்காரர் தன் ஆட்சேபத்தை எழுதி வைத்தார். கேட்டுப் பார்ப்பதும் சோதனைதானா என்ற அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

சில வாரம் கழித்து மார்க்கெட்டில் தக்காளி விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, "டீச்சர்தானே?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. அவர் மனைவி. என் பேச்சை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். வண்டியை நிறுத்தப் போயிருந்த கணவர் இன்னும் வரவில்லை.

"போன் வாயடைச்சுக் கெடந்துதுங்க. இப்பப் படிக்குது" என்றார்.

தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணின் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அப்படியா நெனச்சுட்டு இருக்குது? இனிமே மறைச்சு என்னங்க. கையைப் புடிச்சுகிட்டுத்தானே நடக்கறேன். சொல்லிடுங்க டீச்சர். எங்கேயாவது எழுதறதுன்னாலும் எழுதுங்க, பேர் மட்டும் போடாதீங்க." கணவர் வந்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மனைவியின் முழங்கையைப் பிடித்தார்.

அன்றைக்கே வடக்குத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்தக் குரலுக்கு நானே கூட உக்காந்து வேல செஞ்சிருப்பேனே டீச்சர்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா சொல்ல முடியலன்னாலும் எங்களக் கேட்டிருக்கணும்ல?" என்றாள்.

கேட்டிருக்க வேண்டும்தான் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் அவரைத் திரும்ப அழைக்கலாம் என்று அவள்தான் முன்மொழிந்தாள். வெளிநாட்டுக்காரர் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. அழைப்பை நான் எழுதி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. அவருடைய திருத்தங்கள் மட்டும் அவ்வப்போது பொதுப் பக்கத்துக்கு வருகின்றன. இந்த வாரம் வந்தது பழைய குரலுக்கானது. விதிப்படி இரண்டு பேர் வேண்டும், இதுவரை ஒருவர்தான் அதைப் பார்த்திருக்கிறார்.