கூட்டத்துக்குள் அம்மா, என் பொறுப்பில் பாடகி

இன்று ஹட்டனில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழா.

திறந்து வைக்க வந்தவர் கொழும்புப் பாடகி. அவருக்குப் பாதுகாப்பாக வந்த பொடிகார்ட் நான். நோர்வூட் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்ணுக்குச் சொந்த ஊர்ப் பக்கம் முதல் டியூட்டி!

(கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி எதுவும் கிடையாது. காலில் நல்ல சப்பாத்து மட்டும்.)

காலையிலேயே போய்க் கடையைச் சுற்றிப் பார்த்தேன். பின்கதவை மறித்து அட்டைப்பெட்டிகள். எடுக்கச் சொன்னதும் மனேஜர் சிரித்தார். இங்கே யாரும் அடிக்க வரமாட்டார்கள் என்றார். அவசரத்துக்கு வெளியே போக வழி வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுக்க வைத்தார்.

எங்கள் வேலையில் பாதி இதுதான். சண்டை அபூர்வம்.

ரிப்பன் வெட்டி முடிப்பதற்குள் மழை கொட்டியது. ரோட்டில் நின்ற சனம் முழுக்க ஒதுங்குவதற்காகக் கடைக்குள் நெருக்கியது. யார் மேலும் தப்பில்லை. ஆனால் முன்னால் நின்றவர்களுக்கு மூச்சு முட்டியது.

கூட்டத்தில் நாங்கள் முகங்களைப் பார்க்கும் முன் கைகளைத்தான் பார்ப்போம். அப்படிப் பார்த்தபோது ஒரு கை, அதில் நான் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கவர் போட்ட போன்.

அம்மா.

கொழுந்து பறிக்கப் போவதாகச் சொன்னவர், நான் வேலை செய்வதைப் பார்க்க வந்திருக்கிறார்.

கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் என் பொறுப்பு பாடகி. இன்னும் ஒரு போட்டோ என்று நின்றவரின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"மிஸ், இப்பவே போறோம். என்கூட வாங்க."

பின்கதவைத் தாண்டும்போது மனேஜரிடம் சொன்னேன்: "அண்ணே, எல்லாரையும் இந்தப் பக்கமா விடுங்க. புள்ளைகள மொதல்ல."

இப்போது அவர் சிரிக்கவில்லை.

வேனில் ஏறிய பிறகும் கண் ரோட்டில் இருக்க வேண்டும், போன் எடுக்கக் கூடாது. கொழும்புக்குத் திரும்பும் வழியில், கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் அம்மாவை அழைத்தேன்.

எல்லாரும் பின்பக்கமாக வந்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை என்றார் அம்மா. பிறகு கேட்டார்:

"நீ என்னையப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"பாத்துட்டுத்தான் போனியா?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அம்மாவே தொடர்ந்தார்:

"சரி விடு. அந்தப் புள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல. ஒன்னைய நம்பித்தானே அனுப்பியிருக்காங்க."

வேனுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். (டியூட்டி நேரத்தில் இது பிழைதான்.)

இத்தனை நாளும் ஊரில் கேட்பவர்களிடம் எனக்கு ஆபீஸ் வேலை என்றுதான் அம்மா சொல்லி வந்தார். இன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கு, கடையில் என்னை எடுத்த வீடியோவைக் காட்டி, "எம்மக பொடிகார்ட்டு" என்றாராம். அந்த அக்கா தன் மகளுக்கும் இந்த வேலை கிடைக்குமா என்று கேட்க என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

உங்கள் வேலையை உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள்?